அப்பாவின் குரல் ஏறிய மதியம்

அலமாரியில் அந்த வீடியோ டேப் அகப்பட்டதிலிருந்து மூத்தவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அப்பாவின் குரல் உலகத்தில் மிச்சமிருந்தது அதில் மட்டும்தான். ஏலக்கடையில் மைக் இல்லாமலே தெருமுனை வரைக்கும் கேட்கக் கூவியவர் அவர். தொண்டையில் ஆபரேஷன் ஆனபிறகு வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. அந்த வீட்டில் போட்டோவுக்குப் பஞ்சமில்லை. குரலைச் சேர்த்துவைக்கத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை. "கொஞ்சம் மெதுவாப் பேசுங்கப்பா" என்று சொல்லியே வளர்ந்த பிள்ளைகள், வேறென்ன செய்வார்கள்?

தம்பி ஒரு பழைய கேமராவை இரவல் வாங்கிவந்து ஒயரால் கம்ப்யூட்டரோடு இணைத்தான். டேப் எவ்வளவு நேரம் ஓடுமோ அவ்வளவு நேரம் ஆகும் ஏறுவதற்கு. நடுவில் கம்ப்யூட்டரின் கவனம் வேறு வேலைக்குப் போனால் படம் அங்கங்கே விட்டுப்போகும். அதற்காக அவன் போட்ட சட்டதிட்டங்கள் இருக்கிறதே, அப்பப்பா! இன்டர்நெட்டைப் பிடுங்கினான். திறந்திருந்ததையெல்லாம் மூடினான்.

"யாரும் மவுஸக்கூடத் தொடக்கூடாது. டேப் ரொம்பப் பழசு, ஒரு தடவ ஒழுங்கா ஓடுனாலே பெரிய விஷயம்."

"கண்ணச் சிமிட்டலாமாடா?" என்றாள் அம்மா.

டேப் ஓடியது. கடற்கரையில் இளவயது அப்பா, அப்போது குழந்தையாக அழுதுகொண்டிருந்த தம்பியைத் தோளுக்குமேல் தூக்கி ஏலம் விட்டுக்கொண்டிருந்தார். "பாத்துக்கங்க! சாப்பிடுறது மட்டும்தான் தெரியும், வேற வேல தெரியாது! ஒரு தரம்..."

"ஒண்ணும் காதுல விழல" என்று அம்மா எழுந்துபோய்க் கேமராவின் சத்தத்தைக் கூட்டினாள்.

"அது தேவையில்லம்மா. சத்தம் ஒயர்லயே போயிடுது."

"கம்ப்யூட்டருக்குப் போகுது சரி. எனக்கு?"

மேசையை ஒட்டி உட்கார்ந்திருந்த அப்பா தோள் குலுங்கச் சிரித்தார். மூத்தவள் வழக்கம்போல் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். சத்தமில்லாத அந்தச் சிரிப்பை அவளால் தாங்கமுடிவதில்லை.

டேப் முடிந்தது. "ஒரு படம்கூட விட்டுப்போகல!" என்று தம்பி திரையைக் காட்டிப் பீற்றிக்கொண்டான். டேப்பை முதலுக்குச் சுற்றிவைக்கப் பொத்தானை அழுத்தினான். கேமரா கரகரவென்று அதை மென்றது. வெளியே எடுத்தபோது நாடா நூடுல்ஸாக வந்தது.

"போனாப் போகுது, அதான் ஏறிடுச்சே" என்று ஏறியதைப் போட்டுக் காட்டினான். படம் பளிச்சென்று இருந்தது. ஆனால் கடற்கரையில் மின்விசிறி சுற்றியது. நாற்காலி கிறீச்சிட்டது. "ஒண்ணும் காதுல விழல" என்றாள் அம்மா, அலைகளுக்கு நடுவிலிருந்து.

தம்பியின் முகம் வெளுத்தது. கம்ப்யூட்டரிடம் படத்தை ஒயரிலிருந்து எடுக்கச் சொன்னவன், சத்தத்தையும் அப்படியே எடுக்கச் சொல்ல மறந்திருந்தான். அது பாட்டுக்குக் கம்ப்யூட்டரின் சொந்த மைக்கில் அறையின் சத்தத்தைப் பிடித்துவைத்திருக்கிறது.

குரலுக்காகத்தானே இத்தனையும்! கொஞ்சம் பொறுத்து, கேமராவின் குட்டி ஸ்பீக்கர் வழியாக, தகரத்தில் பேசுவதுபோல, "ரெண்டு தரம்!" என்று கேட்டது. அப்பாதான். அம்மா சத்தத்தைக் கூட்டியிருக்காவிட்டால் அதுவும் இல்லை.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்றாள் அம்மா.

தம்பிக்கு உயிர் வந்தது. "நம்ம பேச்சு, ஃபேன் சத்தம் எல்லாத்தையும் வடிகட்டிடலாம்க்கா. அதுக்கு வழி இருக்கு. அப்பா குரல் மட்டும் தனியா நிக்கும்."

"அது என்ன, நடுவுல புஸ்ஸு புஸ்ஸுன்னு?" என்று அம்மா கேட்டாள்.

எல்லோரும் காதைக் கூர்மையாக்கினார்கள். டேப்பில் அப்பா கூவும்போதெல்லாம் பக்கத்திலேயே விட்டு விட்டு வரும் காற்று. மைக்குக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தவருடையது.

"அதையும் எடுத்துடலாம்" என்று தம்பி மவுஸைப் பிடித்தான்.

மூத்தவள் அவன் கையைத் தட்டிவிட்டாள். அழுகை வந்தது, மறைக்கவும் இல்லை.

"அது அப்பா சிரிக்கிறாருடா. ஒண்ணையும் எடுக்காத."

அன்றைக்குத்தான் அவள் திரும்பி, அப்பா சிரிப்பதை முழுசாகப் பார்த்தாள்.