படிக்கும் உரிமை

"ஃபோல்டர் இருக்குடா. பேரு தெரியுது. தொறந்தா உள்ள ஒண்ணுமே இல்ல," என்றாள் அக்கா.

சின்னவன் ஹெட்செட்டை ஒரு காதிலிருந்து நகர்த்திவிட்டு அந்தக் காதில் கைபேசியை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். காதோரம் நரைத்துவிட்ட ஆள்தான். ஆனாலும் மூன்று பேரில் கடைசியாகப் பிறந்தவன் என்பதால் வீட்டில் எல்லோருக்கும் அவன் இன்னும் சின்னவன். பிழைப்பு, மெயில் ப்ரோகிராம் தயாரிக்கும் ஒரு கம்பெனியின் உதவிப் பிரிவில். "என் கூட வேலை செய்யறவங்க அவங்க ஃபோல்டரை எனக்கு ஷேர் பண்ணியிருக்காங்க, எனக்குத் தெரியலை" என்று யாராவது கூப்பிட்டுப் புலம்பாத நாள் கிடையாது. அந்தப் புலம்பலுக்கு என்னென்ன காரணம் இருக்க முடியும், எதை முதலில் கேட்க வேண்டும் என்பதெல்லாம் அவனுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். அக்கா விஷயத்தில் அவற்றில் எது காரணம் என்பதும் அவனுக்குத் தெரியும். அதனால்தான் அதை விட்டுவிட்டு வேறொன்றைச் சொன்னான்.

"உன் ப்ரோகிராம் பழசுக்கா. புதுசு வந்திருக்கு, அதைப் போட்டுப் பாரு."

"நீதானேடா போன தடவை வந்தப்ப உங்க கம்பெனியோடதைப் போட்டுக் குடுத்தே?"

"அதுக்கப்புறம் ரெண்டு வந்தாச்சு."

"சரி, போட்டுப் பாக்கறேன். அப்பாவோட ரத்த ரிப்போர்ட் வந்திருக்கணும். பொட்டாசியம் எவ்வளவுன்னு தெரியாம எனக்கு இருப்பு கொள்ளலை," என்று வைத்துவிட்டாள்.

அந்த ஃபோல்டரை உண்டாக்கியது சின்னவன்தான். அப்பாவுக்குச் சிறுநீரகம் கைவிட்டு டயாலிசிஸ் தொடங்கியபோது, மருத்துவமனையிலிருந்து வரும் ரிப்போர்ட்டுகள், மருந்துச் சீட்டுகள், தேதி மாற்றங்கள் எல்லாம் அண்ணனின் கைபேசிக்குள் போய்ப் புதைந்துவிடும். அக்கா வெளியூரில் இருந்தபடி அண்ணனைத் துளைத்து எடுப்பாள். அண்ணன் ட்ரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். கற்றுக்கொள்பவன் பக்கத்துச் சுவரைப் பார்த்து வண்டியை விடும்போது பொட்டாசியத்துக்கு எப்படிப் பதில் சொல்வார்? நச்சரிப்புக்கு ஒரு முடிவு கட்டத்தான் சின்னவன் தன் வீட்டு மூலையில் ஓடும் சின்ன சர்வரில் அப்பா பெயரில் ஒரு மெயில் பெட்டி வைத்து, அதில் 'மருத்துவம்' என்று ஒரு ஃபோல்டரைத் திறந்து, மூவருக்கும் பகிர்ந்து கொடுத்தான். யார் எந்த ப்ரோகிராம் வைத்திருந்தாலும் பாதகமில்லை. மெயில் ப்ரோகிராம்களும் சர்வர்களும் ஒன்றோடொன்று எப்படிப் பேச வேண்டும் என்று உலகத்துக்கே பொதுவாக எழுதிவைத்த விதிகள் இருக்கின்றன. அவற்றின்படி ஒவ்வோர் உரிமைக்கும் ஓர் எழுத்து. ஃபோல்டரின் பெயரைப் பார்க்க ஓர் எழுத்து, உள்ளே இருப்பதைப் படிக்க இன்னோர் எழுத்து, அழிக்க வேறொன்று. அடுத்தவருக்கு உரிமை கொடுக்கவும் பறிக்கவும் ஓர் எழுத்து. அது சின்னவனிடம் மட்டும்.

அக்கா அந்த ஃபோல்டரைப் பிடித்துக்கொண்டுதான் ஊர் தள்ளியிருந்தும் அப்பாவின் பக்கத்தில் இருந்தாள். பஸ் டெப்போவில் வண்டிகளை நேரத்துக்கு வெளியே அனுப்பும் வேலை அவளுடையது. வண்டி கிளம்பவில்லை என்று வருகிற ட்ரைவரிடம் அவள் முதலில் கேட்பது "சாவி போட்டியா?" என்பதுதான் என்று டெப்போவே சொல்லிச் சிரிக்கும். அப்பாவின் உடம்பையும் அதே மாதிரிதான் நடத்தினாள். அப்பா இருந்தது அண்ணன் வீட்டில். ரிப்போர்ட் வந்த அரை மணியில் அண்ணிக்கு ஃபோன் போகும்: தண்ணீரைக் குறைக்கணும், அந்த மாத்திரையைச் சாப்பாட்டோடு கொடுக்கணும், போன வாரம் எடை ஏன் ஏறியது?

போன வாரம் அந்த ஃபோல்டருக்கு டாக்டரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நோயாளியுடன் விரிவாகப் பேசியதில், சிகிச்சையைத் தொடர வேண்டாம் என்று அவரே தெளிவாக முடிவெடுத்திருக்கிறார். வரும் வெள்ளிக்கிழமை கடைசி டயாலிசிஸ். அதன் பிறகு வலி தெரியாமல் பார்த்துக்கொள்ள நர்ஸ் ஒருவர் வீட்டுக்கு வருவார். அக்கா டெப்போவில் இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்கும் நேரம் அது. கடிதம் வந்த கையோடு அண்ணன் ஃபோனில் கூப்பிட்டார்.

"அது அவ கண்ணுல படக்கூடாதுடா. எடுத்துடு."

"அவளுக்குத் தெரியாம எப்படிண்ணா?"

"நான் சொல்லலை. அப்பா சொல்றாரு. வந்து கேட்டுக்க."

சின்னவன் போய்க் கேட்டான். அப்பா கட்டிலில் சுவரைப் பார்க்கப் படுத்திருந்தார். வேலை பார்த்த காலமெல்லாம் உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுதுபார்த்தவர். இருட்டுக் குழிக்குள் கயிற்றைப் பிடித்துத் தொங்கியவருக்கு இப்போது போர்வையை இழுத்துவிடவே இன்னொரு கை தேவைப்பட்டது.

"போதும்டா," என்றார். "மெஷின்ல இருந்து எறங்குற அன்னிக்கு மனுஷனாவே இருக்கறதில்ல. மறுநாள் கொஞ்சம் தெளியுது. அதுக்கு அடுத்த நாள் திரும்ப ஏத்திடறாங்க."

"அக்காகிட்ட நீங்களே சொல்லலாமேப்பா."

"சொன்னா ஓடி வருவா. வந்து, டயாலிசிஸுக்குப் போயே ஆகணும்னு நிப்பா. அவ சொன்னா நான் சரின்னுடுவேன். எனக்கு அவகிட்டதான் பயம். வெள்ளிக்கிழமை முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்."

மூவரில் செல்லம் அக்காதான் என்று தெரியாதவன் இல்லை சின்னவன். அதன் எடை அப்பாவின் மேல் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தான்.

கடிதத்தை மட்டும் வேறு இடத்துக்கு நகர்த்தியிருக்கலாம். ஆனால் அடுத்தடுத்து நர்ஸ் அனுப்புவது, மருந்துக்கடை அனுப்புவது என்று வந்துகொண்டே இருக்கும். ஃபோல்டரை அவள் பார்வையிலிருந்து மொத்தமாக மறைத்தால் அந்த நொடியே கண்டுபிடித்துவிடுவாள். யோசித்து, படிக்கும் எழுத்தை மட்டும் எடுத்தான். பெயர் தெரியும், திறந்தால் வெறுமை. பழுது போலவே இருக்கும். தொழில் தெரிந்தவன் செய்த வேலை.

அக்கா விடவில்லை. புது ப்ரோகிராம் போட்டாள், வேலைக்கு ஆகவில்லை. டெப்போ கம்ப்யூட்டரில் வேறொரு கம்பெனியின் ப்ரோகிராமில் முயன்றாள். அதிலும் அதே கதை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டு, "ரெண்டுலயும் ஒரே மாதிரி இருக்குன்னா கோளாறு என் பக்கம் இல்லையே?" என்றாள். கேள்வி சரியாக ஆணியடித்தது போல வந்தது. சர்வரில் ஏதோ மராமத்து நடக்கிறது, வார இறுதிக்குள் சரியாகிவிடும் என்று பூசி மெழுகினான்.

"சர்வரே உன்னோடதுதானேடா, யாரு மராமத்து பண்றா?"

"நான்தான்க்கா. நேரம் கிடைக்கல."

"உனக்கு வேலை அதிகம். பாவம். சாப்பிட்டியா?" என்று கேட்டாள். அது அவனை என்னவோ செய்தது. அவள் பேச்சை முடித்த பிறகும் கைபேசியைக் கீழே வைக்கத் தோன்றாமல் இருந்தான்.

புதன்கிழமை பக்கத்து மேசைக்காரர் நாற்காலியோடு உருண்டு வந்தார். அவருக்கு அலுவலகத்தில் வக்கீல் என்று பெயர். அந்தப் பொது விதிகளை வரி எண்ணோடு மனப்பாடமாக வைத்திருப்பார். வேறு கம்பெனிக்காரன் எவனாவது விதியை மீறி ப்ரோகிராம் எழுதியிருந்தால் சொந்த வீட்டு வேலியைத் தாண்டியவன் போலத் திட்டுவார்.

"இதைப் பாருய்யா, அருமையான கேஸு. ஒரு அம்மா. ஃபோல்டர் காலியா இருக்குன்னு எழுதியிருந்தாங்க. எல்லாரும் பண்றதைப் பண்ணிட்டாங்க, ப்ரோகிராமை அழிச்சுட்டுத் திரும்பப் போட்டுட்டாங்க. ப்ரோகிராமும் சர்வரும் பேசிக்கிட்டது வரி வரியா பதிவாகியிருக்கும்ல, அந்த லாக் எடுத்து அனுப்புங்கன்னேன். அழகா அனுப்பிட்டாங்க. பாரு, நம்ம ப்ரோகிராம் கேக்குது, 'இங்க எனக்கு என்ன உரிமை?'ன்னு. சர்வர் ஒரே ஒரு எழுத்தைச் சொல்லுது. பேரை மட்டும் பாக்கலாம். யாரோ வேணும்னே படிக்கறதைப் பிடுங்கியிருக்கான்."

திரையில் இருந்தது சின்னவனின் சர்வர். மேலே அக்காவின் பெயர்.

"அதை என்கிட்ட குடுங்க, நான் பாத்துக்கறேன்," என்றான்.

"முடிச்சு அனுப்பியாச்சே. ப்ரோகிராம்ல குறையில்லை, உங்களோட படிக்கும் உரிமையை அந்த ஃபோல்டரின் நிர்வாகி நீக்கியிருக்கிறார், அவரையே கேளுங்கன்னு." பெருமையாகச் சொல்லிவிட்டுத் திரும்பியவர் சின்னவனின் முகத்தைப் பார்த்தார். "என்னய்யா, தெரிஞ்சவங்களா?"

"எங்க அக்கா."

"அப்ப அந்த நிர்வாகி..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். விதிகளில் எந்த வரியும் கைகொடுக்காத இடம் அது. நாற்காலியை ஓசையில்லாமல் தன் மேசைக்கு நகர்த்திக்கொண்டார்.

சின்னவன் கைபேசியை மேசைமேல் மல்லாக்க வைத்துக் காத்திருந்தான். அவள் கூப்பிட்டுக் கத்துவாள், கத்தினால் பதிலுக்கு ஏதாவது சொல்லலாம். வாடிக்கையாளர் ஒருவருக்குப் பாதி கேட்டும் கேட்காமலும் பதில் சொன்னான். அழைப்பு வரவில்லை. மெயில் வந்தது, அவனுடைய சொந்த முகவரிக்குக்கூட இல்லை, சர்வரின் நிர்வாகி முகவரிக்கு.

'மதிப்பிற்குரிய நிர்வாகி அவர்களுக்கு, மருத்துவம் என்ற ஃபோல்டரைப் படிக்கும் உரிமை எனக்குத் தேவைப்படுகிறது. ஆவன செய்யவும். இப்படிக்கு, நோயாளியின் மகள்.'

எழுந்து மாடிப்படி வரை போனான். அண்ணனைக் கூப்பிடலாமா என்று நினைத்தான். அண்ணன் வேண்டாம் என்பார், அவர் தலையில் போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்ளலாம். அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சாப்பிட்டியா என்று கேட்ட குரல். திரும்பி வந்து, சர்வரைத் திறந்து, அந்த ஓர் எழுத்தை அடித்தான். அடிப்பதற்கு ஒரு விரல் போதுமாக இருந்தது.

அண்ணன் மறுநாள் காலை கூப்பிட்டார். "ராத்திரி ரயிலைப் பிடிச்சு வந்து நிக்கறா. வாசல்ல செருப்பைக் கழட்டுறதுக்கு முன்னாடியே கேக்கறா, எனக்கு அலுத்துப் போச்சான்னு. வாரத்துல மூணு நாள் தூக்கி ஏத்தி எறக்கினவன்டா நான். அலுத்துத்தான் போச்சு. அதுக்காக... நீ ஒரு நாள் தள்ளியிருக்கலாம்ல? ஒரே நாள்."

சின்னவன் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் போனான். அக்கா சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு, கழுவியிருந்த டம்ளர்களையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் குழாயை மூடினாள்.

"அக்கா, அப்பாதான்..."

"தெரியும். அண்ணன் சொல்லிட்டாரு." ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். "மறைக்கறதுன்னா மொத்தமா மறைச்சிருக்கணும்டா. பேரை மட்டும் விட்டு வச்சிருந்தே. ஒவ்வொரு நாளும் தொறந்து தொறந்து பாத்தேன். எனக்குத்தான் தெரியலை, எனக்குத்தான் கை வரலைன்னு நினைச்சேன். டெப்போல சின்னப் பசங்ககிட்டப் போய்க் கேட்டேன், எப்படித் தொறக்கறதுன்னு."

அவன் கழுவியிருந்த டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கவிழ்த்து வைத்தான். மன்னிச்சுடுக்கா என்பது அந்த இடத்துக்குப் பொருந்தாத சின்னச் சொல்லாகப் பட்டது.

"அப்பாவைப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டான்.

"தூங்கறாரு. முழிக்கட்டும். நாளைக்கோட நிறுத்த விடமாட்டேன். டாக்டர்கிட்ட நானே பேசறேன். வேற மெஷின் இருக்காம், மெதுவா ஓடுமாம், உடம்பை இந்த அளவுக்குப் படுத்தாதாம். ரயில்ல உக்காந்து எல்லாத்தையும் படிச்சுட்டேன்." பையைத் திறந்து தாள்களைக் காட்டினாள். ரயிலேறும் முன் எங்கோ கடையில் அச்செடுத்திருக்கிறாள். ஓரமெல்லாம் பேனாவால் கிறுக்கல்.

உள்ளே அப்பா இருமும் சத்தம் கேட்டது. அக்கா தாள்களை எடுத்துக்கொண்டு நடந்தாள். அண்ணன் கூடத்தில் கார்ச் சாவியைக் கையில் உருட்டியபடி நின்றார், தடுப்பதா விடுவதா என்று தெரியாதவராக. மூவரும் ஒருவர் பின் ஒருவராக அறை வாசலுக்குப் போனார்கள். உள்ளே போனது அக்கா மட்டும்.

அப்பா அவளைப் பார்த்தார். ஆச்சரியப்பட்ட மாதிரித் தெரியவில்லை. எழுந்து உட்காரப் பார்த்து, முடியாமல், தலையணையில் சற்று மேலே ஏறிக்கொண்டார்.

"வாம்மா. வந்துட்டியா." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு, அவள் வாயைத் திறப்பதற்கு முன், பள்ளிக்கூடம் போகச் சம்மதிக்கிற குழந்தையைப் போலச் சொன்னார்: "நிறுத்தலைம்மா. நீ போன்னா போறேன். திங்கக்கிழமையும் போறேன். நீ சொல்லு."

அக்காவின் கையில் தாள்கள் அப்படியே இருந்தன. ரயிலில் வழி நெடுகச் சேர்த்து வைத்த பேச்சு ஒன்றுக்கும் இப்போது எதிராளி இல்லை. ஜெயித்தாகிவிட்டது. அவள் திரும்பி வாசலைப் பார்த்தாள். அண்ணனின் கண்கள் தரையில் இருந்தன. சின்னவன் அந்தப் பார்வையைச் சந்தித்தான்.

அவள் தாள்களை மடித்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். கால்மாட்டில் உட்கார்ந்து போர்வையை விலக்கி, அப்பாவின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கால் வீங்கி, தோல் பளபளவென்று இழுபட்டிருந்தது. கணுக்காலுக்கு மேலே கட்டை விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தாள்.

"வலிக்குதாப்பா?"

"இல்லம்மா. நீ சொல்லு, போகணுமா?"

விரலை எடுத்தாள். அழுத்திய இடத்தில் விரலின் அளவுக்கு ஒரு குழி விழுந்திருந்தது. அது மேலே எழும்பி வரும் என்று அவள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.