குண்டடி பட்டவன் விழுகிற விதம்

காரைக்குடி செக்காலை ரோட்டில் இருந்த ஒரு தியேட்டரில் ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு இங்கிலீஷ் படம் போடுவார்கள். அறுபதுகளில் அந்தக் காட்சிக்குத் தவறாமல் வந்தவர்களில் இரண்டு பேர் வயிரவனும் சேசுராஜும். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். வயிரவன் கோவிலூரை அடுத்த கிராமத்தில் நிலபுலன் உள்ள விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. சேசுராஜின் அப்பா வாத்தியார். அவனும் அந்த வேலைக்குத்தான் படித்துக்கொண்டிருந்தான்.

இருவருக்கும் உயிர் கௌபாய் படம். வயிரவன் அதைக் குதிரைப் படம் என்பான். ஒரே ஒரு தெரு, இரண்டு பக்கமும் மரவீடுகள், நடுவில் புழுதி. கதாநாயகன் முகத்தை மழித்துப் பளிச்சென்று இருப்பான். எதிராளி துப்பாக்கியில் கை வைக்கிற வரைக்கும் அவன் வைக்க மாட்டான். யாரையும் முதுகில் சுட மாட்டான். குண்டடி பட்டவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி விழுந்தால் அத்தோடு சரி. சட்டையில் ஒரு சொட்டு ரத்தம் இருக்காது. அப்படி விழுவதற்கு வயிரவன் நன்றாகப் பழகியிருந்தான். படம் விட்டுத் திரும்புகையில் கண்மாய்க் கரையில் சேசுராஜ் விரலை நீட்டி “டுமீல்” என்றால் போதும், சைக்கிளோடு சரிந்து புல்லில் உருண்டு கண்ணை மூடிவிடுவான்.

அறுபத்தாறில் வயிரவன் பட்டாளத்தில் சேர்ந்தான். “குதிரை குடுக்காட்டியும் துப்பாக்கியாச்சும் குடுப்பான்ல” என்று சிரித்தபடிதான் ரயில் ஏறினான். லீவில் வந்தபோது பொன்னழகுவைக் கல்யாணம் செய்துகொண்டான். எழுபத்தொன்றில் கிழக்கு வங்காள எல்லையில் நடந்த சண்டையில் அவன் இருந்தான். பக்கத்தில் விழுந்த ஒரு குண்டு அவனுடைய இடது காதை அடைத்துவிட்டது. மறு வருஷம் ஆவணியில் வேலையை விட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.

அதற்குள் படங்கள் மாறிவிட்டிருந்தன. இப்போது வருகிற குதிரைப் படங்களை இத்தாலிக்காரர்கள் எடுத்தார்கள். அதில் கதாநாயகன் குளிக்காதவன், தாடிக்காரன். தங்கத்துக்காகச் சுடுவான், முதுகிலும் சுடுவான். சேசுராஜ் இப்போது கணக்கு வாத்தியார். அவனுக்கு இந்தப் புதுப் படங்கள் மேல் அப்படி ஒரு மோகம். இதையெல்லாம் கூட உட்கார்ந்து பார்க்க ஆள் இல்லையே என்று சினேகிதனுக்காகக் காத்திருந்தான்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வயிரவனை வற்புறுத்தி அழைத்து வந்தான். கேட்கிற காது வலது காது என்பதால் அவனுக்கு வலது பக்கம் உட்கார்ந்துகொண்டு, படம் தொடங்குவதற்கு முன்னாலேயே பேச ஆரம்பித்துவிட்டான்.

“நம்ம பாத்ததெல்லாம் பச்சப்புள்ளைக்குச் சொல்லுற கதைடா மாப்ள. அதுல எவனுக்காச்சும் வேர்த்துச்சா? இதுல பாரு, மூஞ்சில ஈ மொய்க்கும். பல்லு கறையா இருக்கும். சாகுறவன் சட்டுனு சாக மாட்டான். இதுதாண்டா நெசம்.”

“அப்படியா” என்றான் வயிரவன்.

பாதிப் படத்தில் ஒருவனுக்கு வயிற்றில் குண்டு பாய்ந்தது. வெயிலில் மணலில் கிடந்து தண்ணீர் கேட்டான். கதாநாயகன் பக்கத்தில் ஒரு பாறையில் உட்கார்ந்து சுருட்டுப் பற்றவைத்தான். தங்கம் இருக்கிற இடத்தைச் சொன்னால் தண்ணீர் என்றான். அடிபட்டவன் நாக்கை நீட்டி உதட்டை நக்கினான். அந்த முகத்தையே திரை நிறையக் காட்டினார்கள். முன் பெஞ்சில் விசில் பறந்தது. யாரோ ஒருவன் “தண்ணி, தண்ணி” என்று குரலை மாற்றிச் சொன்னான். தியேட்டர் முழுக்கச் சிரித்தது. சேசுராஜும் சிரித்தான்.

வயிரவன் எழுந்து வெளியே போனான். ஒன்றுக்குப் போகிறான் என்று சேசுராஜ் நினைத்தான். கொஞ்ச நேரத்தில் திரைக்குக் கீழே ஓர் உருவம் நின்றது. வயிரவன்தான். வராந்தாவில் பானைமேல் கவிழ்த்திருக்கும் தகரக் குவளை அவன் கையில் இருந்தது. அது நிறையத் தண்ணீர். சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, திரையை அண்ணாந்து பார்த்தபடி நின்றான்.

“யோவ், உக்காரு!”

“தண்ணி கொண்டாந்துட்டாருடா, குடிங்கடா!”

பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து வந்து அவன் தோளைப் பிடித்துத் தள்ளினான். குவளை கீழே விழுந்தது. வயிரவன் திரும்பி அவன் முகத்தில் ஓர் அடி அடித்தான். தள்ளியவன் மூக்கை மூடிய விரல்களுக்கு நடுவே ரத்தம் வந்தது. விளக்கைப் போட்டார்கள். நாலைந்து பேர் வயிரவனைச் சூழ்ந்துகொண்டு அடித்தார்கள். திருப்பி அடிக்காமல், கீழே உருண்டு போன குவளையையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான். சேசுராஜும் தியேட்டர் மேனேஜர் மரியப்பனும் கூட்டத்தை விலக்கி அவனை வெளியே கொண்டுவந்தார்கள்.

அதற்குப் பிறகு அவன் காரைக்குடிப் பக்கமே வரவில்லை. டீக்கடைகளில் அவனுக்குத் ‘தண்ணிப் பட்டாளம்’ என்று பேர் வைத்திருந்தார்கள்.

கார்த்திகையில் ஒரு நாள் மத்தியானம் பொன்னழகு பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள். வேப்பமரத்தடியில் நின்று முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு பேசினாள்.

“வாத்தியாரண்ணே, அவுகள ஒரு எட்டு வந்து பாருங்க. வயலுக்குப் போறாக. மம்பட்டிய ஊண்டிக்கிட்டு நின்ன எடத்துலயே நிக்கிறாக. மடை ஒடைஞ்சு தண்ணி பூராம் பக்கத்து வயலுக்குப் போயிருச்சு, இவுக பாத்துக்கிட்டே நிக்கிறாக. கேட்டா, போகட்டும் விடுங்கிறாக. என்ன பாத்தீக, என்ன நடந்துச்சு அங்க? எங்கிட்ட ஒண்ணுஞ் சொல்ல மாட்டேங்குறாகண்ணே.”

சேசுராஜ் அன்று சாயங்காலமே போனான். வயிரவன் கண்மாய் மடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மழை பெய்து கண்மாய் நிறைந்திருந்தது. சேசுராஜ் அவனுடைய வலது பக்கம் போய் உட்கார்ந்தான்.

“மாப்ள, எம்மேல கோவமா?”

“ஒம்மேல என்னடா கோவம்.”

வயிரவன் தண்ணீரைப் பார்த்தபடி தானாகப் பேசினான்.

“போன வருசம் இதே கார்த்திகை. ஒரு கடுகு வயல். மஞ்சளாப் பூத்துக் கெடந்துச்சு. நாங்க இங்குட்டுக் குழிக்குள்ள, அவங்கே அங்குட்டு. நடுவுல ஒருத்தன் விழுந்து கெடந்தான். அவங்க ஆளு. வயித்துல குண்டு. பானி, பானின்னு விடிஞ்சதுலேருந்து கத்துனான். எங்கிட்ட பாட்டில் நெறயத் தண்ணி இருந்துச்சு. எவனும் தலையத் தூக்கக் கூடாதுன்னு ஹவில்தார் சொல்லிட்டாரு. தூக்குனா அங்குட்டு இருந்து சுடுவான். அதுவும் வாஸ்தவந்தான். பொழுது சாயயில சத்தம் நின்னுபோச்சு.”

சேசுராஜ் அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

“பானின்னா தண்ணின்னு எனக்குத் தெரியும்டா. தெரியாம இருந்திருந்தா நல்லாருந்திருக்கும்.”

“போயிருந்தா நீயும் செத்திருப்படா.”

“ஆமா.” வயிரவன் ஒரு கல்லை எடுத்தான், எறியாமல் கையிலேயே வைத்திருந்தான். “நீ சொன்னது சரிதான். அந்தப் படம் நெசந்தான். அப்படித்தான் நாக்க நீட்டுவான். அப்படித்தான் பாத்துக்கிட்டு இருப்பாங்க. ஆனா நெசத்தப் பாக்க நான் எதுக்குடா டிக்கெட் எடுக்கணும்? நம்ம பாத்த பழசெல்லாம் பொய்யி. எனக்குத் தெரியாதா? ஆனா அதுல எந்திரிச்சுப் போறதுக்குன்னு ஒருத்தன் இருப்பான்ல. இதுல யாருமே இல்லயேடா. அத்தன பேரும் என்னைய மாதிரியே உக்காந்திருக்கான். அதப் பாத்து ஊரே சிரிக்குது.”

சேசுராஜுக்கு அன்று இரவு தானும் தியேட்டரில் சிரித்தது நினைவில் குத்திக்கொண்டே இருந்தது. ஏதாவது செய்து அதைச் சரிக்கட்டிவிட வேண்டும் என்று மனம் கிடந்து தவித்தது. அவர்கள் சின்ன வயதில் பார்த்த ஒரு படத்தில், அடிபட்டுக் கிடக்கும் எதிராளியைக் கதாநாயகன் குண்டுகளுக்கு நடுவே ஓடிப் போய் இழுத்து வருவான். அதைத் திரும்பவும் பார்த்தால் வயிரவன் மனம் ஆறும் என்று அவனுக்குத் தோன்றியது. மறுநாளே மரியப்பனிடம் போனான்.

“அந்தப் படம் மதுரையில கெடைக்கும் சார்” என்றார் மரியப்பன். “ரொம்ப ஓடுன பிரிண்டு. தெரையில மழ பேஞ்ச மாதிரி கோடு கோடா இருக்கும். பரவால்லயா?”

“கூட்டம் வருமா? உங்களுக்கு நட்டமாயிரக் கூடாது.”

“அதுதான் எனக்கே புரியல சார். புதுப் படத்துக்கு மொதத் தடவ கூட்டம் பிச்சுக்கிட்டுப் போகுது. திரும்பப் போட்டா ஒருத்தனும் எட்டிப் பாக்க மாட்டேங்கிறான். இந்தப் பழச எப்பப் போட்டாலும் பாதித் தியேட்டர் வந்துருது. பொண்டாட்டி புள்ளைகளக் கூட்டிக்கிட்டு வர்றாக.”

தை மாதம் படம் வந்தது. வயிரவனைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. பொன்னழகும் கூட வந்ததால் புறப்பட்டான். அவள் அதுவரை இங்கிலீஷ் படம் பார்த்ததில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, குதிரைகள் ஓடுவதைக் கண் கொட்டாமல் பார்த்தாள்.

அந்தக் காட்சி வந்தது. வண்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்த கதாநாயகன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஓடினான். சுற்றிலும் குண்டுகள் புழுதியைக் கிளப்பின. விழுந்து கிடந்தவனைத் தோளில் தூக்கிக்கொண்டு திரும்பினான். பின் வரிசையில் குடும்பத்தோடு வந்தவர்கள் கை தட்டினார்கள். சேசுராஜ் ஆவலோடு சினேகிதனின் முகத்தைப் பார்த்தான்.

அந்த முகம் கல்லாக இருந்தது.

படம் முடிந்து வெளியே வந்ததும் வயிரவன் சொன்னான்: “ஒரு குண்டுகூட அவன் மேல படல, பாத்தியா? படாதுன்னு அவனுக்குத் தெரியும்டா. கதை எழுதுனவன் முன்னாலயே சொல்லிட்டான். எங்கிட்ட யாரும் சொல்லலயே.”

மூன்று பேரும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தார்கள். பஸ் வர நேரமிருந்தது. சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்ததும் பொன்னழகு கேட்டாள்.

“ஏங்க, கீழ கெடந்தவன் எதிரி தானே? அவன எதுக்கு இவன் உசுரக் குடுத்துத் தூக்கிட்டு வந்தான்?”

வயிரவன் பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தான். அவள் விடவில்லை. “சொல்லுங்க. எனக்குப் புரியலன்னுதானே கேக்குறேன்.”

வயிரவன் சொன்னான். அந்தக் கதாநாயகனைப் பற்றி அல்ல. கடுகு வயலைப் பற்றி, தண்ணீர் பாட்டிலைப் பற்றி, சாயங்காலம் நின்றுபோன குரலைப் பற்றி. பக்கத்தில் ஒருவர் வாழைத்தாரை இறக்கி வைத்துவிட்டுத் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். பொன்னழகு கணவன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“அவனுக்கு என்ன வயசு இருக்கும்?”

“சின்னப் பயதான்.”

“எப்படித் தெரியும்? கிட்டப் போகலேன்னு சொன்னீக.”

“மறுநா காலையில போனேன்.” சேசுராஜ் இதைக் கேட்பது இப்போதுதான். “சண்டை அங்குட்டு நகந்துருச்சு. போய்ப் பாத்தேன். கை நெறயக் கடுகுச் செடியப் பிடுங்கி வச்சிருந்தான். வாயிலயும் எலை. அதுல இருக்கிற ஈரத்துக்காக மென்னிருக்கான்.”

பொன்னழகு வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவள் பேசியபோது குரல் நடுங்கவில்லை.

“நான் ஒண்ணு சொல்லுறேன், என்னைய வெறுத்தாலும் பரவால்ல. நீங்க போகாம இருந்தீகளே, அதுல எனக்குச் சந்தோசந்தான். போயிருந்தா நான் இன்னிக்கு இங்க உக்காந்திருக்க மாட்டேன். அப்படிச் சந்தோசப்படுறது பாவம்னா அந்தப் பாவம் எம்பேர்ல இருக்கட்டும். நீங்க மட்டும் ஒத்தையாச் சொமக்க வேணாம்.”

வயிரவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அவன் தோள்கள் குலுங்கின. பஸ் ஸ்டாண்டில் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். பொன்னழகு அதைக் கண்டுகொள்ளவில்லை. பஸ் வந்ததும் அவனை எழுப்பி ஏற்றிவிட்டு, படியில் நின்றபடி சேசுராஜிடம் சொன்னாள்.

“வாத்தியாரண்ணே, நல்லதுக்குத்தான் செஞ்சீக, தெரியும். கோவிச்சுக்கிராதீக. இனிமே இவுகளப் படத்துக்குக் கூப்பிடாதீக. பழசும் வேணாம், புதுசும் வேணாம்.”

சேசுராஜ் கூப்பிடவில்லை. படத்தை எடுத்துவிட்டால் இரண்டு பேருக்கும் நடுவில் பேச அவ்வளவாக எதுவும் இல்லை என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. பார்ப்பது குறைந்தது. கல்யாணம் காட்சிகளில் சந்தித்தால் நலம் விசாரிப்பதோடு சரி. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் தனியாகப் போனான். புதுப் படங்களில் யாராவது விழுந்து துடிக்கும்போது தியேட்டர் சிரித்தால், அவனுக்கு உட்கார முடியவில்லை. பழைய படங்களில் கதாநாயகன் ஓடும்போதோ, குண்டுகள் எல்லாம் எப்படி விலகிப் போகின்றன என்றே கண் பார்த்தது. ஆனாலும் பழைய படம் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தால் போகாமல் இருக்க அவனால் முடியவில்லை.

எழுபத்தேழில் திருப்பத்தூர்ச் சந்தையில் வயிரவனைப் பார்த்தான். தோளில் மகளைத் தூக்கி வைத்திருந்தான். உடம்பு கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது.

“தூங்குறியாடா?” என்று கேட்டான் சேசுராஜ். அவர்களுக்குள் அது ஒன்றுதான் கேட்க வேண்டிய கேள்வியாக இருந்தது.

“மத்த மாசமெல்லாம் தூங்குறேன். கார்த்திகை பொறந்துட்டா மட்டும் இவ ஆத்தா முழிச்சு உக்காந்திருக்கா, எங்கூட.” மகளின் காலைப் பிடித்து ஆட்டினான். “வர்ற ஞாயித்துக்கெழம கடலை பிடுங்குறோம். வாயேன்.”

“ஞாயித்துக்கெழமயா?” என்று கேட்டுவிட்டு, “வர்றேன்” என்றான் சேசுராஜ்.

போனான். ஈரமாக இருந்த செம்மண்ணில் குந்தி உட்கார்ந்து, வெயில் ஏறும் வரைக்கும் இரண்டு பேரும் ஒரே பாத்தியில் கடலைச் செடி பிடுங்கினார்கள். சேசுராஜின் உள்ளங்கையில் கொப்புளம் கண்டது. பொன்னழகு அதைப் பார்த்துவிட்டு, “வாத்தியாரண்ணே, நீங்க நெழலுக்குப் போங்க” என்று சத்தம் போட்டாள். அவன் போகவில்லை.