ஆறு பெண்களுக்கு ஒரு கைதட்டல்

"இஞ்சேருங்கோ, ஒருக்காப் பாத்திட்டு வாறனே." மகாதேவி கணவனின் சட்டைக் கையைப் பிடித்தாள். "பிள்ளையைப் பறிகுடுத்திட்டுக் கிடக்கிறாள். தாய் நான் போகாட்டி ஆர் போறது?"

குணரத்தினம் கையை உதறினார். "போ. போனா இந்த வீட்டுக்குத் திரும்பி வராத."

மூத்த மகள் யதுசா ஹம் நகர மருத்துவமனையில் கிடந்தாள். ஏழாம் மாதத்தில் குழந்தை வயிற்றுக்குள்ளேயே இறந்துவிட்டது. யூட்டைக் கல்யாணம் கட்டி அவள் கத்தோலிக்க வேதத்துக்கு மாறிய நாளிலிருந்து அவள் பேரை வீட்டில் யாரும் உச்சரிக்கக் கூடாது. மதம் வெளியில் சொன்ன காரணம். யூட்டின் சாதி உள்ளே கிடந்த காரணம்.

இளையவள் கம்சனா முதல் நாளே போய்ப் பார்த்திருந்தாள். யதுசா கேட்டது ஒன்றுதான்: "அம்மா வருவாவோ?"

அன்று கொலோன் நகரில் தமிழ்ச் சங்கத்தின் மகளிர் தினக் கூட்டம். குணரத்தினம்தான் செயலாளர். பான் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கும் கம்சனா பேச்சாளர். மகாதேவியும் சேலை கட்டிக்கொண்டு கூடப் போனாள். போகாமல் இருக்க அவளுக்கு வழி தெரியவில்லை.

கம்சனா 1858ஆம் ஆண்டுச் சுவீடனைப் பற்றிப் பேசினாள். மணமாகாத பெண், இருபத்தைந்து வயதானால், தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கலாம் என்று அந்த ஆண்டில்தான் சட்டம் வந்தது. அதே ஆண்டில், அரச திருச்சபையை விட்டுக் கத்தோலிக்கரான ஆறு பெண்களை நாட்டை விட்டே துரத்தினார்கள்.

"ஐயோ, பாவங்கள்" என்றார்கள் முன்வரிசைப் பெண்கள். குணரத்தினமும் தலையை ஆட்டினார்.

கேள்வி நேரம் வந்தது. எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காத மகாதேவி எழும்பினாள்.

"அந்தப் பொம்பிளையளின்ர தாய்மார் என்ன செய்தவை, பிள்ளை?"

"தேடினனான் அம்மா. ஒருத்தரும் அதை எழுதி வைக்கேல்லை."

மகாதேவி தன் கதிரையில் கிடந்த குளிர்க் கோட்டை எடுத்தாள்.

"நான் யதுசாவிட்டப் போறன்."

"இரடி!" குணரத்தினம் பல்லைக் கடித்தார். "சனம் பாக்குது."

"பாக்கட்டும்."

கம்சனா ஒலிவாங்கியை மேசையில் வைத்துவிட்டுத் தாயின் பின்னால் ஓடினாள்.

குணரத்தினம் மேடையேறினார். என்ன செய்வதென்று தெரியாமல், எழுதிக்கொண்டு வந்திருந்த நன்றியுரையை எடுத்து வாசிக்கத் தொடங்கினார். குரல் நடுங்கவில்லை.

"மதம் மாறியதற்காகப் பெண்களை விரட்டிய அந்தச் சமூகத்தை வரலாறு ஒருபோதும் மன்னிக்காது."

சனம் ஒருவரை ஒருவர் பார்த்தது. யாரோ ஒருவர் கை தட்டினார். பிறகு எல்லாரும் தட்டினார்கள்.

வெளியே படியிறங்கிக்கொண்டிருந்த மகாதேவிக்கு அது கேட்டது. இரவு எங்கே படுப்பது என்று அவளுக்குத் தெரியாது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஹம்முக்கு எந்த ரயில், பிள்ளை?" என்று மட்டும் கேட்டாள்.