பதினாறு புள்ளி இரண்டு

திங்கட்கிழமை காலையில் எங்கள் நெல்லின் ஈரப்பதம் பதினாறு புள்ளி இரண்டு. களத்தில் வேறு யாருக்கும் தெரியாத அந்த எண் எனக்குத் தெரிந்திருந்தது. அந்தத் திமிரில்தான் அப்படிச் செய்தேன்.

நன்னிலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் கொள்முதல் நிலையம். குறுவை அறுவடை முடிந்து பதினோரு குவியல்கள் வரிசையில் கிடந்தன. அம்மாவுடையது இரண்டாவது. பதினேழுக்கு மேல் ஈரம் இருந்தால் எடுக்க மாட்டார்கள். மழை வேறு காத்துக்கொண்டிருந்தது. நனைந்து முளைத்துவிட்டால் கோழிக்குத்தான் போடலாம். இத்தனை வருடம் அடுத்தவர் நெல்லைத்தான் அம்மா இந்தக் களத்துக்குச் சுமந்து வந்திருக்கிறாள். ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், குத்தகைக்குப் பிடித்து, சாகுபடிக் கணக்கான அடங்கலில் பூவம்மாள் என்று தன் பெயரோடு வந்து நிற்பது இதுதான் முதல் தடவை.

என்னிடம் இரண்டு எலக்ட்ரானிக் டெமோ போர்டுகள் இருந்தன. கல்லூரிக் கடைசி வருடத்தில் ஒரு கம்பெனிக்கு மெயில் மேல் மெயில் போட்டு இலவசமாக வாங்கியவை. ஊறுகாய் டப்பாவுக்குள் இரண்டு செப்புத் தகடுகளை ஒட்டி, நடுவில் நெல்லைக் கொட்டினால், அது எவ்வளவு ஈரமோ அதற்கேற்ப முதல் போர்டில் எண் மாறும். இரண்டாவது போர்டு, உள்ளங்கையளவு சோலார் தகட்டிலிருந்து சின்ன பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும். வெயிலே இல்லாவிட்டாலும் ஒரு மாதம் ஓட்டும். நெல்லை வறுப்பதும், எவ்வளவு ஈரம் போயிருக்கிறதென்று நகைக்கடைத் தராசில் எடை போடுவதுமாக இருபது தடவை சரிபார்த்திருந்தேன். நகைக்கடைக்காரர் கடைசியில் என்னைக் கண்டாலே தராசை மூடி வைத்தார்.

"என்ன செம்மொழி, டப்பாவுல நெல்ல ஊறவைக்கிறியா?" என்றார் காத்தான் மாமா. மூன்றாவது குவியல் அவருடையது. அம்மாவோடு நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்.

"ஈரம் பாக்குறேன் மாமா. உங்களுதுல ஒரு கை குடுங்க."

"கடிச்சா தெரியாததா உன் டப்பாவுக்குத் தெரியப் போவுது?" ஒரு நெல்லைக் கடித்தார். "கடக்குனு இருக்கு, போ."

பதினாறு புள்ளி ஒன்பது.

"நூலிழையில நிக்குது மாமா. ஒரு ராத்திரிப் பனி போதும், தாண்டிரும்."

அவர் சிரிப்பு நின்றுபோனது. பதர் போகத் தூற்றாமல் எடுக்க மாட்டார்கள்; தூற்றும் இயந்திரம் ஒரு நாளைக்கு இரண்டு குவியல்தான் முடிக்கும். அவர் முறை நாளைக்கு.

"அம்மா, நம்ம முறைய மாமாவுக்குக் குடுத்துருவோம். நமக்கு ரெண்டு நாள் தாங்கும்."

"தாங்கும்னு யாரு சொன்னா?"

"போர்டு சொல்லுதும்மா."

அம்மா டப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "படிச்சவ நீ சொல்ற. சரி."

பட்டியல் எழுதும் தியாகராசன் சார் நோட்டில் இரண்டு பெயரையும் மாற்றி எழுதிக்கொண்டார்.

மத்தியானம் காத்தான் மாமாவின் நெல் போனது. கடைசி மூட்டைக்கு இயந்திரத்தின் பெல்ட் அறுந்தது. சின்ன வயதிலிருந்து ரேடியோ, மிக்சி, பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர் என்று எதையும் பிரித்துப் பார்த்தவள் நான். ஓடிப்போய்ப் பார்த்தேன். ரப்பர் இரண்டாகக் கிடந்தது. அதில் நான் செய்வதற்கு ஒன்றுமில்லை. "திருவாரூர்லேருந்து நாளைக்கு வந்துரும்" என்றார் சார்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது.

செவ்வாய், பதினாறு புள்ளி ஐந்து. தார்ப்பாய் போர்த்தி, சுற்றிலும் மண்வெட்டியால் வாய்க்கால் வெட்டிவிட்டோம். தண்ணீர் ஓடிவிட்டது. ஆனால் காற்றிலும் தரையிலும் இருந்த ஈரத்தை எந்த வாய்க்காலில் விடுவது? மணிக்கு ஒருமுறை டப்பாவோடு போனேன்.

"சும்மா சும்மா தார்ப்பாயத் தூக்காதடி. நீ பாக்குறதுலயே ஈரம் ஏறிரும்" என்றாள் அம்மா.

அவள் சொன்னதும் உண்மைதான்.

புதன்கிழமை பெல்ட் வந்தது, அளவு சேரவில்லை. திருப்பி அனுப்பினார்கள். எங்களுடையது பதினாறு புள்ளி எட்டு. ஐந்தாவது குவியல்காரர் ஐயாவு திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டு இரண்டு தடவை அளக்கச் சொன்னவர். இப்போது தூரத்திலிருந்தே கை காட்டினார்: "ஆத்தா, அந்த டப்பாவ இந்தப் பக்கம் கொண்டாராத. தெரியாமலே இருந்துட்டுப் போறோம்."

வியாழன் காலை, பதினேழு புள்ளி மூன்று.

டப்பாவைக் கவிழ்த்து, தகட்டைத் துடைத்து, வேறு பக்கத்து நெல்லைப் போட்டேன். பதினேழு புள்ளி நான்கு.

காத்தான் மாமா வந்து, யாரும் சொல்லாமலே, தூர்ந்துபோயிருந்த வாய்க்காலை வெட்டத் தொடங்கினார். கொஞ்ச நேரம் கழித்து, "யக்கா, நான் வாய் விட்டுக் கேக்கலயே" என்றார்.

"நீ எங்கடா கேட்ட? நாங்கதான குடுத்தோம். வெட்டு."

அவர் அந்தப் பக்கம் போனதும் அம்மா என்னருகில் உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அதுல ஏதோ திருகு இருக்கு, திருப்புனா ஏறும் எறங்கும்னியே. கொஞ்சம் கொறச்சு வையேன்."

"வெக்கலாம்மா. நம்பர்தான் கொறையும்."

"சாரு மெஷினுல?"

"அதுல நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

"அப்ப இது எதுக்கு?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் பேட்டரி எவ்வளவு இருக்கிறதென்று பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன். நான்கு நாளாக வெயில் முகமே இல்லை. இருந்தும் தொண்ணூற்றொரு சதவீதம் இருந்தது. இரண்டு போர்டுமே சொன்ன வேலையை ஒரு குறையும் இல்லாமல் செய்துகொண்டிருந்தன.

பதினோரு மணிக்குச் சரியான பெல்ட் வந்து, இயந்திரம் ஓடியது. தியாகராசன் சார் தன் மீட்டரோடு எங்கள் குவியலுக்கு வந்தார். அதற்குச் சற்று முன் நான் பார்த்தபோது பதினேழு புள்ளி ஆறு. இந்த நான்கு மாதமாக இதைச் செய்தவள், நான் செய்தது தப்பாக இருக்கவேண்டும் என்று முதல் தடவையாக வேண்டிக்கொண்டேன். தகடு நகர்ந்திருக்கலாம். ஒட்டிய பசை இளகியிருக்கலாம்.

அவர் மேலே ஒரு கை, அடியில் ஒரு கை எடுத்துப் போட்டார். பதினேழு புள்ளி ஆறு. குவியலின் மறுபுறம் போய் இன்னொரு கை. பதினேழு புள்ளி ஆறு.

"எழுத முடியாதும்மா. காய வெச்சுக் கொண்டாங்க."

"எங்க சார் காய வெக்கிறது?" என்றாள் அம்மா.

அவர் வானத்தைப் பார்த்தார். போகத் திரும்பியவர் என் மடியிலிருந்த டப்பாவைக் கவனித்துக் குனிந்தார்.

"நீயே பண்ணதா? நம்ம மீட்டரும் இதுவும் ஒண்ணா காட்டுதே. அருமையா இருக்கும்மா."

நான்கு மாதமாக இந்த வார்த்தைக்காகத்தான் ஒவ்வொருவரிடமும் டப்பாவை நீட்டிக்கொண்டிருந்தேன். தலையை மட்டும் ஆட்டினேன்.

அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கூடையில் நெல்லை அள்ளி, களத்தின் ஓரத்தில் விரித்திருந்த பாயில் மெல்லிசாகப் பரப்பத் தொடங்கினாள். காத்தான் மாமா காலால் கிண்டிவிட்டார்.

"அந்த டப்பாவுல கெடக்குறதையும் கொட்டுடி" என்றாள்.

கொட்டினேன். ஒரு பாய் நிறைவதற்குள் தூறல் விழுந்தது. ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, பரப்பியதை மறுபடியும் குவியலுக்கே இழுத்துக்கொண்டு போனோம்.