குழாய் ஓடும் வீடு

சட்டைக் காலரில் துணி கிளிப்பை மாட்டிக்கொண்டு, ஃபிரிட்ஜுக்குப் பக்கத்து ஸ்டூலில் அவன் உட்கார்ந்திருந்தான். கிளிப் காலரில் இருக்கும் வரை வாய் திறக்கக் கூடாது. அது அந்தக் குழுவின் சட்டம். ஆட்டத்துக்கான புத்தகத்தை எழுதியவன், மற்றவர்கள் அதை முதல் தடவை ஆடிப் பார்க்கும் நாளில் ஊமையாகிவிட வேண்டும். மீறினால் அன்றைய எச்சில் தட்டும் டம்ளரும் கழுவுவது முழுக்க அவன் தலையில்.

"வேற ஊர்ல எவனோ இதைப் பிரிச்சு ஆடும்போது, நீங்க என்ன அட்டைக்குள்ள உக்காந்துகிட்டு விளக்கம் சொல்லப் போறீங்களா மாப்ளே? புத்தகமே பேசட்டும்" என்று மச்சான்தான் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அவன் மனைவியின் அண்ணன். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நாளெல்லாம் அடுத்தவர் மிதிக்கும் பிரேக்கை நம்பி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பழக்கமோ என்னவோ, ஆட்டத்தை நடத்தும்போது அவருக்குப் பதற்றமே வராது.

டிராகனும் மந்திரவாதியும் உலவும் கற்பனை ஆட்டம் அது. பலகை கிடையாது. ஒருவர் கதையை வாசிக்க, மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு தாங்கள் செய்வதைச் சொல்வார்கள். நினைத்தது நடக்குமா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கும். ஆட்டத்தை விற்கிற நிறுவனம் இந்த மண்ணுலகைப் பற்றி மட்டும் தடித்தடியாகப் புத்தகம் போட்டிருந்தது. அதற்கு அப்பால் இருக்கும் உலகங்களை ரசிகர்களே எழுதி, இணையத்தில் சும்மா பகிர்ந்துகொண்டார்கள்.

அவன் அப்படி இரண்டு எழுதியிருந்தான். பகலெல்லாம் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்துவிட்டு, மிச்ச நேரத்தில் உலகங்களைப் படைத்தான். கனலுலகம் சுமார். உப்புலகத்துக்கு முகம் தெரியாதவர்களிடமிருந்தெல்லாம் பாராட்டு வந்தது. மூன்றாவது ஒலியுலகம். யார் காதிலும் விழாமல் போன ஓசைகள் எல்லாம் போய்ச் சேருகிற இடம். அங்கே ஒவ்வோர் ஓசையும் ஒரு வீடாகியிருக்கும். தான் எழுதியதிலேயே இதுதான் நன்றாக வந்திருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். இதில் எது மிக நன்றாக வந்திருக்கிறது என்பதும் தெரியும். குழாய் ஓடும் வீடு.

"நாளைக்கே மெஷின்ல போட்டுடலாம். அட்டைக்குப் பச்சையா நீலமா, அதை மட்டும் சொல்லு லென்ஸு" என்றான் ஜெராக்ஸ். நகலெடுக்கும் கடை வைத்திருப்பவன். கடை மாடியில்தான் வழக்கமாக ஆடுவார்கள். அங்கே வெள்ளையடிப்பதால் இன்று ஆட்டம் அவன் மனைவியின் அம்மாவான அத்தை வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு வந்திருந்தது.

அவன் தன் காலர் கிளிப்பைத் தொட்டுக் காட்டினான்.

"பாரு, கல்யாணத்துக்கு அப்புறம் பழகிடுச்சு அவனுக்கு. சொல்லாமலே வாயை மூடிக்கிறான்" என்றான் ஜெராக்ஸ்.

"உங்க வீட்ல உங்களுக்கு கிளிப் பத்தாது, பூட்டே போடணும்னு அண்ணி சொன்னாங்க" என்றாள் அவன் மனைவி. ஜெராக்ஸ் அடங்கினான்.

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்துகிற வேலை அவளுக்கு. ஆட்டத்தில் வைத்தியக்காரி. இதே போன்ற ஓர் ஆட்டத்தில்தான் அவளை முதலில் பார்த்தான். அவன் வேடமான வீரன் அசட்டுத்தனமாகக் கிணற்றில் குதித்துச் செத்தபோது, "இந்த ஒரு தடவைதான்" என்று சொல்லி உயிர் கொடுத்தவள். பிறகு வாழ்க்கையிலும் பல தடவை 'இந்த ஒரு தடவைதான்' ஆகியிருந்தது.

புத்தகத்தை அவள் படித்திருக்கவில்லை. ஆடுகிறவர்களோ நடத்துகிறவரோ முன்கூட்டியே படிக்கக் கூடாது. அந்த ஒரு விஷயத்தை எழுதலாமா என்று அவளைக் கேட்காததும் அதனால்தான் என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தான்.

கல்யாணமான புதிதில், பேருந்தின் பின்சீட்டில் அவன் தோளில் சாய்ந்து அவள் சொன்ன விஷயம் அது. சின்ன வயதில் அம்மா சில நாள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிடுவார். தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் அழுவார். அவளுக்கு மட்டும் அது தெரியும். கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொள்வாள். அண்ணன் வந்து தட்டப் போனால், "உள்ளே துணி அலசுறாங்க, அப்புறம் வா" என்பாள். அண்ணன் போய்விடுவான். "இதை யார்கிட்டயும் சொன்னதில்ல" என்றாள் அவனிடம்.

எழுதும்போது எல்லாவற்றையும் மாற்றினான். பெண்குழந்தையை ஒற்றைக்கண் கல்பொம்மை ஆக்கினான். குளியலறையை வீடாக்கினான். ஆனால் துணி அலசுகிற அந்த ஒரு வாக்கியத்தை மாற்ற மனம் வரவில்லை. அதைவிட நல்ல வாக்கியம் அவனுக்குக் கிடைக்கவில்லை. ஆடும்போது அவள் அதைக் கேட்டு, மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கண் கலங்க அவனைப் பார்ப்பாள், நம்மை எவ்வளவு கவனித்திருக்கிறான் என்று நெகிழ்வாள் என்றுகூட நினைத்திருந்தான். இப்போது நினைத்தால் உடம்பு கூசியது.

ஏனென்றால் அத்தை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"நானும் கேக்குறேன்ப்பா. வாராவாரம் என்னதான் ஆடுறீங்கன்னு. மாப்ள எழுதினதாச்சே."

தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் அத்தை. ஊர்ப் பேச்செல்லாம் காதில் வாங்கியும் ஒரு சொல்லை வெளியே விடாதவர் என்று பேர்.

"ஒலியுலகத்துக்குள்ள வந்துட்டீங்க" என்று மச்சான் தாளைப் பார்த்து ஆரம்பித்தார். "மூணு வழி இருக்கு. ஒரு பக்கம் பாலம். ஒரு பக்கம் மணிக்கூண்டு. இன்னொரு பக்கம் படிக்கட்டு, கீழேருந்து தண்ணி சத்தம் வருது."

பாலம், பாலம் என்று அவன் மனதுக்குள் கெஞ்சினான். பாலத்துக்கு ஏகப்பட்ட பக்கங்கள் எழுதியிருக்கிறேன். மணிக்கூண்டு இன்னும் ஜோர்.

"படிக்கட்டு" என்றான் ஜெராக்ஸ். அவன் வேடம் கோடரி வீரன். "குளிச்சு மாசக்கணக்காச்சு என் ஆளு."

"அது தெரியுது" என்றாள் அவள். "சரி, போலாம்."

கிளிப்பைக் கழற்றியிருக்கலாம். வயிற்று வலி என்றிருக்கலாம். ஜாடையாவது காட்டியிருக்கலாம். பேசக் கூடாது என்ற சட்டம் அந்த நேரத்தில் அவனுக்கு மெத்தை போல இதமாக இருந்தது. யாருக்கும் புரியாது, எல்லாம் மாற்றித்தானே எழுதியிருக்கிறோம் என்று அதில் படுத்துக்கொண்டான்.

மச்சான் வாசித்தார். தரையிலிருந்து கூரைவரை ஈரமான ஒரு வீடு. மூடிய கதவு. உள்ளே ஓயாமல் குழாய் ஓடுகிறது. வாசலில், கதவில் முதுகைச் சாய்த்து ஒரு கல்பொம்மை.

அவன் மனைவியின் கையில் உருண்டுகொண்டிருந்த பகடை நின்றது.

"பொம்மைகிட்ட கேக்குறேன்" என்றான் ஜெராக்ஸ். "ஏய் ஒத்தக்கண்ணு, உள்ள யாரு?"

மச்சான் பொம்மைக்கென்று கீச்சுக்குரல் எடுத்துக்கொண்டார். "உள்ளே துணி அலசுறாங்க. அப்புறம்..."

கீச்சுக்குரல் பாதியில் அவருடைய சொந்தக் குரலாக இறங்கியது. "அப்புறம் வா" என்று மெதுவாக முடித்தார். தாளை மறுபடி பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்தார்.

ஜெராக்ஸுக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது? "துணியாவது மண்ணாவது. கதவை உடைக்கிறேன். உள்ள போய் குழாயை மூடுறேன்."

"நான் விடமாட்டேன்" என்றாள் அவள்.

"என்ன?"

"கதவுக்கு முன்னாடி நிக்கிறேன். யாரும் உள்ள போகக் கூடாது."

"என்ன தங்கச்சி, திடீர்னு கட்சி மாறிட்டே? அந்தப் பொம்மை உனக்கு என்ன சொந்தமா? மாஸ்டர், டைஸ் உருட்டலாமா? நானா அவளான்னு பாத்துடலாம்."

மச்சானின் கண் தாளிலேயே இருந்தது. ஜெராக்ஸ் உற்சாகமாக உருட்டிவிட்டான். பகடை பிஸ்கட் தட்டில் மோதி நின்றது. "பத்தொன்பது! உருட்டு, உருட்டு!"

அவள் உருட்டவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவனைப் பார்த்தாள். அவன் ஆசைப்பட்டிருந்த அதே பார்வைதான். கண்ணும் கலங்கித்தான் இருந்தது. ஆனால் தெருவில் நடந்துபோகும்போது திரும்பிப் பார்த்தால் தன் வீட்டுச் சுவரே இல்லாமல் போயிருப்பதைக் கண்டவளைப் போல் பார்த்தாள்.

"நிறுத்துங்க" என்றான் அவன்.

"பேசிட்டான்! பாத்திரம்! பாத்திரம்!" என்று ஜெராக்ஸ் மேஜையைத் தட்டினான்.

"அந்த வீடு வேண்டாம். அதை... அதை எடுத்துடறேன். தப்பா எழுதிட்டேன்."

"ஏன் மாப்ளே?" என்றார் மச்சான். கோபமில்லை. கற்றுக்குட்டி தப்பான பக்கம் திருப்பும்போது கேட்பாரே, அந்தக் குரல். "இந்த வார்த்தை உங்களுக்கு எங்கேருந்து கிடைச்சுது?" பிறகு தங்கையிடம், "பாப்பா, நீ என்கிட்ட இப்படித்தானே சொல்லுவே? நான் நிஜமாவே துணின்னுதான்..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார்.

அத்தை எழுந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. "டீ ஆறிடுச்சு. சூடு பண்றேன்" என்று டம்ளர்களைத் தட்டில் அடுக்கி எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார்.

உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. சட்டென்று மூடும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு எந்தச் சத்தமும் இல்லை.

இத்தனை வருடம் அந்தச் சத்தம்தான் அவருக்கு மறைப்பாக இருந்தது. இப்போது அதைத் திறக்கக்கூட முடியாமல் செய்துவிட்டோம் என்று அவனுக்குப் புரிந்தது. ஃபிரிட்ஜுக்குள் இடமிருந்தால் போய் ஒளிந்துகொண்டிருப்பான்.

ஜெராக்ஸ் அண்ணனையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தான். விஷயம் புரியாவிட்டாலும் வீட்டின் நிலைமை புரிந்தது. "கடையில வெள்ளையடிக்கிறவங்க வந்திருப்பாங்க" என்று செருப்பைத் தேடினான்.

ஜெராக்ஸ் போனதும் அவன் ஸ்டூலிலிருந்து எழுந்து சமையலறைக்குள் போனான். அத்தை அடுப்பைப் பற்றவைக்காமலே அதன் முன்னால் நின்றிருந்தார். என்ன சொல்வதென்று தெரியாமல் தொட்டிக்குப் போய் குழாயைத் திறந்து டம்ளரைக் கழுவ ஆரம்பித்தான். முகத்தைத் தொட்டிப் பக்கம் வைத்துக்கொண்டே, "அத்தை, நான்..." என்றான்.

"தண்ணிய மூடிட்டுப் பேசுங்க மாப்ளே."

மூடினான். மூடியதும் பேச்சு வரவில்லை. அத்தைதான் பேசினார்.

"பாப்பா வெளிய உக்காந்திருந்தாளா?"

"ஆமா அத்தை."

"எப்பவுமா?"

"எப்பவும்னுதான் சொன்னா."

அத்தை அடுப்புத் திட்டை முந்தானையால் துடைத்தார். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை. "படிச்சுகிட்டு இருக்கான்னு நெனச்சேன். எதுக்கு அழுதேன்னே இப்ப பாதி மறந்துபோச்சு. சத்தம் வெளிய போகலைன்னு ஒரு நிம்மதி மட்டும் இருந்துது."

"மன்னிச்சிடுங்க அத்தை."

"எத்தனை பேர் பேச்சு இந்தக் காதுல விழுந்திருக்கும். சிலது சினிமாவா எடுக்கலாம், அவ்வளவு நல்லா இருக்கும்." அவர் தீக்குச்சியைக் கிழித்தார். "நல்லா இருக்குங்கிறதுக்காக நம்மளுது ஆயிடுமா?"

அவர் குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் அவனுக்குச் சற்று லேசாக இருந்திருக்கும்.

"மன்னிப்பை என்கிட்ட கேக்காதீங்க" என்று கூடத்தின் பக்கம் தலையசைத்தார். "எனக்காகக் காவல் இருந்தது அவ."

கூடத்தில் மச்சான் தங்கைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேஜையில் குழாய் ஓடும் வீட்டின் தாள்கள் தனியாக எடுத்துக் குப்புற வைக்கப்பட்டிருந்தன. அவன் அவற்றை எடுத்துக் கிழித்தான். கணினியில் இருப்பதையும் அழித்துவிடுவதாகச் சொன்னான்.

"அழி" என்றாள் அவள். அவ்வளவுதான்.

கிளம்பும்போது அத்தை வாசல்வரை வந்தார். மகளின் முதுகில் கையை வைத்தார். கதவில் சாய்கிற இடத்தில், இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில். அவள் திரும்பிப் பார்க்காமல் சற்று நின்றுவிட்டுப் படியிறங்கினாள்.

பேருந்தில் பின்சீட் காலியாக இருந்தது. அவள் முன்னால் இருந்த சீட்டில் போய் உட்கார்ந்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"உனக்குப் பிடிக்கும்னு நெனச்சேன்" என்றான். சொல்லி முடிப்பதற்குள்ளேயே அது எவ்வளவு மட்டமாக இருக்கிறது என்று அவனுக்கே கேட்டது. "இல்ல. அதுவும் பொய். நல்ல வரி, விட மனசு வரல. உன்னைக் கேட்டா வேண்டாம்னுடுவேன்னு பயம். அதான் கேக்கல."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைகள், விளக்குக் கம்பங்கள், நடைபாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் ஒருத்தி. பிறகு திரும்பி அவன் காலரைப் பார்த்தாள். கிளிப் இன்னும் அங்கேயே இருந்தது. பேருந்தில் ஏறியதிலிருந்து எல்லோரும் ஏன் தன்னைப் பார்க்கிறார்கள் என்பது அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. கழற்றக் கையைக் கொண்டுபோனான்.

"இருக்கட்டும்" என்றாள்.

கையை இறக்கினான்.

சில நிறுத்தங்கள் தாண்டியதும் அவளாகவே பேசினாள். "நேத்து லேபுக்கு ஒரு ஆள் வந்தார். மலை மாதிரி இருப்பார். வாசல்ல குனிஞ்சுதான் உள்ள வரணும். ஊசியைக் காட்டினதும் என் கையைப் புடிச்சுகிட்டு, 'டாக்டரம்மா, ஒரு பாட்டு பாடட்டுமா, அப்பதான் எனக்குப் பயம் போகும்'னாரு. நான் சரின்னேன். ரத்தம் எடுத்து முடிச்சு, பஞ்சை வெச்சு, ஒட்டுப் போட்டும் பாட்டு நிக்கல. வரிசையில இருந்தவங்க எல்லாம் கைதட்டினாங்க."

அவள் நன்றாகத்தான் சொன்னாள். எப்போதும் போல அந்த ஆளின் குரலில் பேசிக்கூடக் காட்டினாள். அவனுக்குச் சிரிப்பு வந்தது. மன்னித்துவிட்டாள் போலிருக்கிறது என்று நெஞ்சில் ஒரு சூடு பரவத் தொடங்கியது.

"இதை வேணும்னா எழுதிக்கோ" என்றாள் அவள். மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவன் காலரில் கிளிப்போடு, இறங்கும் இடம் வரும்வரை வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தான்.