ஜாடியில் மாட்டிய ரப்பர் பேண்டு

ஓவனைத் திறந்ததும் சின்னவளுக்குப் பகீரென்றது. உள்ளே கண்ணாடி ஜாடி. ஜாடிக்குள் ரொட்டியை உப்ப வைக்கும் அவளுடைய புளிமாவு வெந்து, பிஸ்கட்டாகிப் போயிருந்தது. குளிருக்குக் கதகதப்பாக இருக்கட்டும் என்று அணைந்த ஓவனுக்குள் வைத்தது அவள்தான். சின்னவளின் அக்கா வரும் நேரத்துக்கு ஓவன் தயாராக இருக்கட்டும் என்று முந்திக்கொண்டு சூடேற்றியவர் அவள் கணவர்.

"உள்ள பாக்க மாட்டீங்களா?"

"ஓவனுக்குள்ள யாராவது உயிரைக் கொண்டுபோய் வெப்பாங்களா?" என்றார் அவர். தையற்காரர். சட்டைக் கை குட்டையாகிப் போனால்கூட இப்படித் திருதிருவென்று முழிக்க மாட்டார்.

அந்த மாவை முதன்முதலில் ஒரு கரண்டி கொடுத்ததே அக்காதான். போன வருடம் ஒரு கல்யாணத்தில், நாலு பேர் முன்னால், "உனக்கு எதையும் காப்பாத்தி வெச்சுக்கத் தெரியாதுடீ" என்று சொன்னவளும் அவளேதான். அதோடு பேச்சு நின்றது. இப்போது, முழங்கால் ஆபரேஷனுக்குப் போய்ப் படுத்திருந்தபோது அவளுடைய மாவு கெட்டுவிட்டதாம். "கொஞ்சம் குடு, வாங்கிட்டு உடனே கிளம்பிடுவேன்" என்று போன் செய்திருந்தாள். யாரிடமும் கை நீட்டாதவள். அவளை வெறும் ஜாடியோடு அனுப்பினால் மறுபடி இந்தப் படியேற மாட்டாள்.

ஆனால் சின்னவள் டவுன் பஸ் ஓட்டுகிறவள். முட்டுச்சந்தில் மாட்டினால் ரிவர்ஸ் எடுப்பாளே தவிர, ஸ்டியரிங்கில் தலை வைத்து அழ மாட்டாள். மாவுக்குத் தீனி போடும்போதெல்லாம் எடுத்து ஒதுக்கிய மிச்சம் ஃபிரிட்ஜில் ஒரு டப்பாவில் இருந்தது. மேலே கறுப்பாகத் தண்ணீர் நின்றது, புளிப்பு மூக்கைத் துளைத்தது. அதனால் என்ன? உள்ளே உயிர் இருந்தால் போதும். ஒரு கரண்டி எடுத்து, புது மாவும் வெதுவெதுப்பான தண்ணீரும் சேர்த்துக் கலக்கி வேறு ஜாடியில் ஊற்றினாள். அது இரண்டு மடங்காகி எட்ட வேண்டிய உயரத்தில் ரப்பர் பேண்டை மாட்டினாள். மீதியில் பாதியை வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுத் தட்டையான ரொட்டியாகச் சுட்டாள். மறுபாதியில் ஆப்பிள், சர்க்கரை, முட்டை, வெண்ணெய் சேர்த்துக் கேக்காக ஓவனில் வைத்தாள்.

அக்கா வந்ததும் ஜாடியைத்தான் பார்த்தாள். "என்னடீ, தூங்குது?"

"வெந்து போச்சுக்கா. மிச்சத்துலேர்ந்து திரும்ப எழுப்பிட்டிருக்கேன். எழும்பும்."

அந்தப் பழைய வார்த்தைக்காகச் சின்னவள் காத்திருந்தாள். அது வரவில்லை. அக்கா வெங்காய ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டு, "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்று இன்னொன்றை எடுத்துக்கொண்டாள். கேக்குக்கு ஒரு குறையும் சொல்லவில்லை. அவள் வாயிலிருந்து குறை வராவிட்டால் அது மாலை மரியாதைக்குச் சமம்.

"எப்ப எழும்பும்?"

"சாயங்காலம் ஆயிடும்க்கா."

"அதுவரைக்கும் கிளம்ப முடியாதுன்னு சொல்லு."

"முடியாதுதான்."

வந்ததிலிருந்து மடியிலேயே இருந்த கைப்பையை அக்கா நாற்காலியில் மாட்டினாள்.

பொழுது சாயும் நேரம், தட்டு கழுவிக்கொண்டே சின்னவள் திரும்பிப் பார்த்தாள். மாவு குமிழ் குமிழாகப் பொங்கி, ரப்பர் பேண்டைத் தொட்டு நின்றது. அக்கா அதன் பக்கத்தில் நின்றிருந்தாள். சின்னவளின் கணவர் இருந்த கூடத்துப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு இரண்டு விரலால் ரப்பர் பேண்டை மெல்ல மேலே தள்ளிவிட்டு, நல்ல பிள்ளையாக வந்து உட்கார்ந்தாள்.

"இன்னும் வரலையேடீ."

சின்னவள் குழாயைத் திறந்து, கழுவி வைத்த தட்டையே மறுபடி எடுத்துக் கழுவத் தொடங்கினாள்.