ஓட்டுநரின் முகம்

ஓட்டுநரின் மனைவிக்கு முதலில் திரும்பி வந்தது பேருந்து ஓட்டிய நினைவு. அந்த அம்மாள் வாழ்நாளில் சைக்கிள்கூட ஓட்டியதில்லை. ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டே, பாலத்து இறக்கத்தில் இரண்டாவது கியருக்கு வராவிட்டால் வண்டி சொன்னபடி கேட்காது என்றார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்ட ஓட்டுநர், அது எந்தப் பாலம் என்று யோசித்து யோசித்துப் பார்த்தார். அவருக்குப் பிடிபடவில்லை.

மறதி நோய் அந்த வீட்டுக்குள் சந்தடியில்லாமல்தான் நுழைந்தது. அம்மாள் முதலில் அடுப்பை அணைக்க மறந்தார், அப்புறம் கிழமையை, கடைசியில் கட்டிய கணவரையே. வீட்டில் எந்நேரமும் நடமாடும் இந்த ஆள் மின்விசிறியைப் பழுதுபார்க்க வந்தவர் என்று முடிவுகட்டி, "ஃபேன் வேலை இன்னும் முடியலையா?" என்று மரியாதையாகத்தான் கேட்பார். "நாளைக்கு முடிஞ்சிடும்மா" என்று சொல்லிவிட்டு ஓட்டுநர் சமையலறையில் போய் நின்றுகொள்வார். ஒரு கூரையின் கீழ் இரண்டு பேர் இருந்தும் பேச்சுத்துணைக்கு ஆளில்லை. இன்னார் என்று தெரிந்து ஒரே ஒரு தடவை "ஏங்க" என்று கூப்பிட்டால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்று மனிதர் தவியாய்த் தவித்தார்.

காந்த சிகிச்சைக்குக் கத்தி வேண்டாம், ஊசி வேண்டாம், நாற்காலியில் உட்காரவைத்துத் தலைமேல் ஒரு கம்பிச்சுருளைப் பிடித்தால் போதும், அதன் துடிப்பு மூளையைத் தட்டி எழுப்பப் பார்க்கும் என்றார் மருத்துவர். பலன் ஆளுக்கு ஆள் மாறும், உறுதி சொல்வதற்கில்லை என்றும் சொன்னார். உறவினர்கள் வெளியே இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் கையை விட்டால் அம்மாள் எழுந்து நடையைக் கட்டிவிடுவார். ஆகவே ஓட்டுநர் கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றிவைத்துவிட்டு, கருவி மரங்கொத்தி மாதிரி டக்டக்கென்று அடித்த நேரமெல்லாம் மனைவியின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அங்கேதான் வந்தது வினை. அந்தத் தலையில் எழுப்புவதற்கு எதுவும் மிஞ்சியிருக்காததால், காந்தம் பக்கத்துத் தலையிலிருந்து இழுத்துக்கொண்டது.

கருவியை இயக்கும் பெண்தான் முதலில் கண்டுபிடித்தாள். "சார், கையை விட்டுடுங்க. அவங்களுக்கு வர்றதெல்லாம் உங்ககிட்டேருந்துதான் போகுது."

"போகட்டும்மா. வீட்டுக்குள்ளதானே இருக்கு."

அப்படியே எல்லாம் போயிற்று. வழித்தடங்கள் போயின, அவருடைய அம்மா இறந்த மத்தியானம் போயிற்று. ஒரு மழைநாளில் முன்னிருக்கையில் வந்து உட்கார்ந்து, முந்தானையைப் பிழிந்தபடி அவரைப் பார்த்துச் சிரித்த பெண்ணும் போனாள். அம்மாளுக்கு அந்தப் பெண்மேல் அப்படியொரு ஏக்கம் பிடித்துக்கொண்டது. சாயந்திரமானால் ஜன்னலோரம் நின்று, "இன்னிக்காவது அந்தப் பொண்ணு வருமா?" என்று கேட்பார். அது நீதான் என்று சொல்ல வேண்டியவருக்கே இப்போது தெரியாது. அவரும் பக்கத்தில் நின்று தெருவைப் பார்ப்பார்.

இவ்வளவு கொடுத்தும் ஓட்டுநர் மட்டும் இன்னும் ஃபேன் ரிப்பேர்காரர்தான். ஏன் என்பது ஒரு நாள் முகம் கழுவும்போது அவருக்கு உறைத்தது. யாருடைய நினைவிலும் எதிரே இருந்தவர்கள்தான் இருப்பார்கள், பார்த்தவன் முகம் இருக்காது. மறுநாள் சிகிச்சைக்குப் பிளாஸ்டிக் சட்டம் போட்ட முகம் பார்க்கும் கண்ணாடியொன்றைக் கையோடு கொண்டுபோனார். ஒரு கையில் மனைவி, மறு கையில் கண்ணாடி. கருவி அடித்து ஓயும்வரை இமைக்காமல் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுவும் போயிட்டா எப்படி சார்?" என்றாள் கருவியை இயக்கும் பெண்.

"என் மூஞ்சிய நான் எதுக்கும்மா பார்க்கணும்? அவதான் பார்க்கணும்."

வாரக்கணக்கில் இப்படியே நடந்தது. சிகிச்சை முடிந்த அன்று அம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, "ஏங்க, போலாமா?" என்றார். ஓட்டுநர் வெட்கப்படாமல், கேவிக் கேவி அழுதார்.

இப்போது அம்மாள் அவருடைய வாழ்க்கையை அவருக்கே எடுத்துச் சொல்கிறார். யாரோ நல்ல மனிதரின் கதையைக் கேட்பதுபோல அவர் கேட்டுக்கொள்கிறார். காலையில் அலமாரிக் கண்ணாடிமுன் போனால் உள்ளே ஒரு முதியவர் நிற்கிறார். முன்பின் பார்த்ததாக ஞாபகம் இல்லை. ஓட்டுநர் அவருக்கு மரியாதையாக வணக்கம் சொல்லிவிட்டு, யாரது என்று மனைவியைக் கேட்பார்.

"நீங்கதாங்க அது. கொஞ்சம் தள்ளுங்க, நான் தலை சீவணும்."

ஓட்டுநர் ஒதுங்கி வழிவிடுவார். கண்ணாடியில் இருப்பவரும் ஒதுங்கிக்கொள்வார்.